மணல் தொட்டியும் தெருநாயும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நாய் என்றாலே நம் கூட்டத்தில் இரண்டு கட்சி: சோறு வைப்போர், விரட்டச் சொல்வோர். இன்று நான் நாயின் வயிற்றுப் புழுவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதில் இரண்டு கட்சிக்கும் வேலை இருக்கிறது.

நாய் கடித்தால் ஊசி போட ஓடுகிறோம். அதன் மலத்தில் வரும் உருளைப்புழு முட்டை கண்ணுக்கே தெரியாது. மலம் காய்ந்து உதிர்ந்த பிறகும் அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே இன்று நாயை விரட்டினாலும் மணலில் உள்ள முட்டை போகாது. மணலில் விளையாடிய கையைக் குழந்தை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகும். அதிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தோடு கல்லீரல், நுரையீரல் என்று சுற்றும். பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். அபூர்வமாகக் கண்ணுக்குள் போனால் பார்வையே போகலாம். கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து போகும், அரிப்பு தாங்காது.

வங்கிக் கடனைப் போல இதற்கும் கெடு உண்டு. அன்றைய மலத்திலிருந்து இவை தொற்றுவதில்லை. கொக்கிப்புழு பக்குவப்படச் சில நாட்கள் ஆகும். உருளைப்புழு முட்டைக்கு 2 முதல் 4 வாரம். கெடுவுக்குள் அள்ளிவிட்டால் வட்டி கிடையாது.

எனவே என் யோசனைகள்:

1. மலத்தைத் தினமும் கையுறை போட்டு அள்ளிக் குப்பையில் சேர்க்க வேண்டும்; உரக்குழியில் போடக் கூடாது. வீட்டு நாய் வளர்ப்போருக்கும் இது பொருந்தும்.

2. மணல் தொட்டியில் பழைய மணலை மாற்றி, இரவில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்.

3. சோறு வைக்கும் இடம் விளையாட்டுத் திடலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளும் இதையே சொல்கின்றன. இடம் ஒதுக்குவது சங்கத்தின் பொறுப்பு.

4. குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலேயே புழு தொற்றிவிடும். 2 வார வயதிலிருந்தே கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து தர வேண்டும். சோறு வைப்போர் இதை ஏற்றுக்கொள்ளலாம்.

5. பிள்ளைகளுக்குச் செருப்பு, விளையாடி வந்ததும் சோப்பு. பள்ளியில் தரும் பூச்சி மாத்திரை அவசியம்தான். ஆனால் அது மனிதக் குடலில் வளரும் புழுக்களுக்கானது. அதை நம்பி இவற்றை விட்டுவிடக் கூடாது.

மணல், தார்ப்பாய், மருந்து மூன்றுக்கும் பராமரிப்பு நிதியிலிருந்து பணம் ஒதுக்க இன்றே தீர்மானம் போடுங்கள். கோடை விடுமுறைக்கு முன் வேலை முடியட்டும்.