மிஸ்ஸிங் அடிக்கும் பழைய வண்டி



பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்ததுதான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் நின்ற இடத்திலேயே குலுங்கும். ஸ்டீயரிங் அதிரும். சைலன்சர் சத்தத்தில் நடுநடுவே ஓர் இடைவெளி விழும். மேட்டில் ஏறினால் இழுவை இருக்காது. மெக்கானிக்கிடம் கேட்டால், "மிஸ்ஸிங் அடிக்குது சார்" என்பார்.

உடனே யோசனைகள் வந்து குவியும். கார்புரேட்டரை மாற்று என்பார் ஒருவர், காயிலை மாற்று என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் வண்டி அப்படியே குலுங்கும். நல்ல வண்டிகள் பல இப்படிச் செலவு செய்து அலுத்துப்போய்தான் எடைக்குப் போகின்றன. அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் இன்று நான் வற்புறுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஒரு சாமானும் வாங்குவதற்கு முன்னால், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள்.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 1958-லிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான வண்டி. அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். 1, 3, 4, 2 என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் 400 தடவை பொறி விடுகிறது. சப்பரம் தூக்கும் நால்வரில் ஒருவர் தோள் கொடுக்காவிட்டால் எப்படி ஆடும்? இன்ஜின் ஆடுவதும் அப்படித்தான். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும், அந்தக் கலவை நன்றாக அழுந்த வேண்டும், சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டர் சும்மா சுற்றும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். தாளம் தப்பாமல் ஒரே சீராக இடைவெளி விழுந்தால், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில்தான் கோளாறு. நினைத்தபோது விழுந்தால், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். காயில், கண்டென்சர், பெட்ரோல் வரத்து, இப்படி. மழை நாளில் மட்டும் வந்தால் பிளக் ஒயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். அரை மணி ஓடிச் சூடானபின் வந்தால் காயில், கண்டென்சர் பக்கம் போங்கள். மேட்டில் மட்டும் வந்தால் பொறி பலவீனமாக இருக்கலாம். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும்.

அடுத்தது, சிலிண்டரைப் பிடிப்பது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம், புகை உயிரைக் குடிக்கும். வேட்டி முனை, தோள் துண்டு, துப்பட்டா எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனை இன்ஜின் உடம்பைத் தொடும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது வெறுங்கையால் இழுக்காதீர்கள், அதில் பல்லாயிரம் வோல்ட் இருக்கிறது. ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கினால், அந்த சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த ஒயரைக் கழற்றியும் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் நாம் தேடும் ஆள்.

தண்ணீர் தெளித்துப் பார்க்கும் பழைய வழி ஒன்றும் உண்டு. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள் எக்ஸாஸ்ட் குழாய்கள் சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சொட்டு விடுவது. வேலை செய்யும் சிலிண்டரின் குழாயில் சொட்டு சீறி ஆவியாகும், மற்றதில் அப்படியே வழியும். அம்பாசிடரில் மட்டும் கவனம் வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் மூன்றே வாய்கள், நடு வாய் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொது. அந்த இரண்டில் ஒன்று படுத்திருந்தால் தண்ணீர்ச் சொட்டு காட்டிக்கொடுக்காது.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்திருந்தால் நல்லது. கரி பூசியதுபோல் உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் பொறியே விழவில்லை. ஆயில் பிசுபிசுத்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

இப்போதும் கடைக்குப் போக வேண்டாம். அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டரில் மாட்டுங்கள், அங்கே இருந்ததை இங்கே மாட்டுங்கள். மிஸ்ஸிங் பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால் பிளக் ஒயரையும் இதே மாதிரி சோதியுங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால், கசியும் ஒயரின் மேல் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். மூடியின் உள்பக்கம் மயிரிழை விரிசலோ பென்சில் கோடுபோல் கரித்தடமோ இருந்தால் மின்சாரம் வழிமாறிப் போகிறது. உள்ளே இருக்கும் பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து அளங்கள், கண்மதிப்பு போதாது. பாயின்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் பின்தங்கும். ஒரு முகத்தில் சின்ன மேடும் எதிர்முகத்தில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

பொறி சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போனாலும் ஜெட்டைக் கழற்றுவதற்கு முன் காற்று கசிகிறதா பாருங்கள். நின்ற இடத்தில் குலுங்கி, வேகத்தில் சரியாகும் வண்டியில் இது அடிக்கடி இருக்கும். கார்புரேட்டர் உட்காரும் இடம், மேனிஃபோல்டு கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வாக்யூம் டியூப், மூன்றையும் தடவிப் பாருங்கள். இணைப்பில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டதும் ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான்.

இன்னொரு புதுச் சங்கடமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது. சென்சார் வைத்த வண்டி தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் டியூப்களையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி மிஸ்ஸிங் அடித்தால் முதலில் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து அந்த ஒரு சிலிண்டர் இன்னும் எழவில்லை என்றால், கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால், பிளக் துளைவழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. அதற்கும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் டேப்பெட் இடைவெளியைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். டேப்பெட் இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருந்தாலும் கம்ப்ரஷன் இறங்கும், அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஃபீலர் கேஜும் போதும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.