"சோற்றைக் குறை" என்றால் போதுமா?

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இனிப்புநீர் இல்லாத வீடு நம்மில் எத்தனை? மலேசியாவில் இந்த நோயில் நம் இனம்தான் முன்னால் நிற்கிறது. கிளினிக்கில் என்ன சொல்கிறார்கள்? "சோற்றைக் குறை, சீனியை நிறுத்து, நடந்து பழகு." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. இரவு வேலை முடிந்து வருபவன் எப்போது நடப்பான் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை அளவு கூடியிருந்தால் ஏச்சு. அந்த ஏச்சுக்குப் பயந்தே பலர் கிளினிக் பக்கம் போவதில்லை.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் இதே வேதனையைப் பட்டவர்கள். வேட்டையாடிய நிலம் பறிபோனது. மாட்டுப் பண்ணைகளில் பல காலம் அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது மாவும் சீனியும் தேயிலையும்தான். நோய் வந்த பிறகு பழியும் அவர்கள் மேலேயே!

1982-இல் கெரின் ஓடே என்ற ஆய்வாளருடன், மேற்கு ஆஸ்திரேலியாவில் இனிப்புநீர் உள்ள 10 பூர்வகுடியினர் 7 வாரங்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள். வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் நன்றாக இறங்கியது. அப்படியானால் குறை அவர்கள் உடம்பிலா, அவர்கள் மேல் திணிக்கப்பட்ட வாழ்க்கையிலா?

எல்லோரும் காட்டுக்குத் திரும்ப முடியாது. ஆனால் மருத்துவத்தைத் தங்கள் பக்கம் திருப்பலாம். 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தங்கள் மருத்துவ நிலையத்தைத் தாங்களே தொடங்கினார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2009-இல் தொலைபேசி வழி இலவச சுகாதாரப் பயிற்சியைத் தொடங்கியது. பொதுவாக ஒருவருக்கு 10 அழைப்புகள். பூர்வகுடியினருக்கென மாற்றி அமைத்தபோது அது 13 ஆனது. நம்பிக்கை வர நேரம் வேண்டும் அல்லவா?

அவர்களிடம் "யார்னிங்" என்றொரு பேச்சு முறை உண்டு. முதலில் ஊர், உறவு, குடும்பக் கதை. பிறகுதான் நோய். நாம் "எந்தத் தோட்டம்? யார் மகள்?" என்று விசாரிப்பதைப் போல! நல்ல பயிற்சியாளர் கட்டளை போடமாட்டார். "இந்த வாரம் உங்களால் எது முடியும்?" என்று கேட்பார்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2020–2022 கணக்கின்படியும் பூர்வகுடியினரின் ஆயுள் மற்றவர்களைவிட 8 ஆண்டுக்கு மேல் குறைவு. நல்ல வீடும் நியாயமான சம்பளமும் இல்லாமல் அறிவுரை மட்டும் நோயைத் தீர்க்காது.

ஆகவே நாமும் கேட்போம். நம் மொழியில் விளக்கம் வேண்டும். நம் சமையலும் வேலை நேரமும் அறிந்த ஆலோசகர் வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை!

அதுவரை நோயை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிப் போங்கள். புரியாததைத் திரும்பக் கேளுங்கள்.