அவரிடமே கேளுங்கள்

(பாசிர் ரிஸ் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பாசிர் ரிஸ் டிரைவ் 1 வழியாகப் போய்வரும் நம்மில் பலர் அங்குள்ள சிங்கப்பூர்ப் பெருமூளை வாதக் கூட்டமைப்பின் பள்ளியைப் பார்த்திருப்போம். 1957 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு நெடுங்காலம் 'ஸ்பாஸ்டிக் சிறுவர் சங்கம்' என்றே வழங்கிற்று. 'ஸ்பாஸ்டிக்' என்பது தசை இறுக்கத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல். தொடக்கத்தில் அதில் இழிவு ஏதுமில்லை. பிரிட்டனில் பள்ளிச் சிறுவர்கள் அதனை ஏச்சுச் சொல்லாக்கிவிட்டனர். அங்கிருந்த ஸ்பாஸ்டிக் சங்கம் 1994 இல் தன் பெயரையே 'ஸ்கோப்' என மாற்றிக்கொண்டது.

தமிழ் மட்டும் விலக்கா? 'நொண்டிச் சாக்கு' என்கிறோம்; 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். சொல்பவர் யாரையும் புண்படுத்தக் கருதுவதில்லை. ஆயினும் ஊன்றுகோலுடன் அருகில் நிற்பவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல் அரசு வழக்கில் வந்தது நன்றே. ஆனால் நடத்தும் முறை மாறாவிடின் புதிய சொல்லும் நாளடைவில் ஏச்சாகிவிடும் என்பது என் எண்ணம்.

பெருமூளை வாதம் தொற்றுநோயன்று. வளரும் மூளைக்குப் பிறப்பின் முன்னரோ, பிறக்கும்போதோ, சற்றுப் பின்னரோ ஏற்படும் பாதிப்பால் வருவது. உடலசைவையே அது முதன்மையாகத் தாக்குகிறது. நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் இசையாதபோது பேச்சுக் குழறும். சிலருக்கு அறிவுக் குறைபாடும் உடனிருக்கலாம், பலருக்கு இல்லை. பேச்சைக் கேட்டு அறிவை அளக்க இயலாது.

நாம் செய்வதென்ன? காப்பிக் கடையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் இளைஞரை விட்டுவிட்டு, "இவருக்கு என்ன வேண்டும்?" என்று உடன் வந்தவரிடம் கேட்கிறோம். முப்பது வயதானவரைக் குழந்தைபோல் கொஞ்சுகிறோம். மின்தூக்கியில் அவர் செவிபடவே "ஐயோ, பாவம்" என்கிறோம்.

அவரிடமே கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். பாதி வாக்கியத்தை நீங்களே முடித்துவிடாதீர்கள். விளங்காவிட்டால், விளங்கியதுபோல் தலையாட்டுவதைவிட, "விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்பதே மரியாதை. அப்போதும் விளங்காவிட்டால், ஆம், இல்லை என்று விடை சொல்லத்தக்க கேள்விகளாகக் கேட்கலாம். எழுத்துப் பலகையோ கணினிப் பலகையோ பயன்படுத்துவோருக்கு இன்னும் சிறிது நேரம் வேண்டும். கேளாமல் அவர் நாற்காலியைத் தள்ளவும் கூடாது. பின்னால் வரிசை நீளுகிறதே என்று கடைக்காரர் முணுமுணுக்கலாம். பெரும்பாலும் அரை நிமிடச் செய்திதான்.

இவ்வுரிமையை உலகளவில் கேட்ட குரல்களுள் ஒன்று நம் நாட்டினுடையது. 1980 இல் கனடாவின் வின்னிப்பெக் நகரில் கூடிய உலக மறுவாழ்வு மாநாட்டில் தங்களுக்குச் சமபங்கு வேண்டுமென்ற உடற்குறையுள்ளோரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டே அவர்கள் சிங்கப்பூரில் கூடித் தமக்கென உலக அமைப்பை நிறுவினர். அதன் முதல் தலைவர், பார்வையிழந்த சிங்கப்பூரரான ரான் சந்திரன் டட்லி.

தாய்மார்களுக்கு இன்னொன்று. "அந்த அண்ணன் ஏன் அப்படிப் பேசுகிறார்?" என்று குழந்தை உரக்கக் கேட்டால் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவருடைய தசைகள் வேறுவகையில் இயங்குகின்றன என்று சொல்லுங்கள். பிறகு, அண்ணனுக்கு வணக்கம் சொல்லச் சொல்லுங்கள்.