எழுத்துக்குள்ளேயே படம்

பக்கத்தில் பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சோடு பேச்சாகக் கொஞ்சம் வரையப் போகிறோம்.

ஆங்கிலத்தில் புதுச் சொற்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. 2013இல் ஆக்ஸ்போர்டு அகராதி 'செல்ஃபி'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. 2016இல் காலின்ஸ் அகராதி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகுவதைக் குறிக்கும் 'பிரெக்ஸிட்'டை. வரைகலை மாணவர்களுக்கு நான் ஆசையோடு கொடுக்கும் பயிற்சி, இந்த மாதிரிச் சொற்களைப் படமாக்குவதுதான். தனியாகப் படம் போடக் கூடாது, எழுத்தே படமாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பிரெக்ஸிட்டை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆறே எழுத்து. கடைசி நான்கைச் சேர்த்தால் 'எக்ஸிட்', அதாவது வெளியேறுதல். அந்த நான்கை மட்டும் வலப்பக்கம் நகர்த்துங்கள். பிரிவு கண்ணில் படுகிறதா?

'டூம்ஸ்க்ரோலிங்' கேள்விப்பட்டிருப்பீர்கள். தூங்காமல், கெட்ட செய்தியாகவே பார்த்துப் பார்த்து செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் பழக்கம். வகுப்பில் இதைக் கொடுத்தபோது பலரும் செல்போனையும் மண்டையோட்டையும்தான் வரைந்தார்கள். ஒரு மாணவி, முன்னால் அடுத்தடுத்து வரும் இரண்டு 'ஓ'க்களையும் இமை கனத்த கண்களாக்கினார். பின்னால் வரும் இரண்டு 'எல்'களையும் கீழே இழுத்தார். இழுத்த கோடுகள் எங்கும் முடியவில்லை. தாளின் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றன. அந்த வெட்டில்தான் உயிர் இருக்கிறது, நேயர்களே! தாளுக்குக் கீழேயும் கோடு ஓடுவதாகக் கண் நம்பிவிடுகிறது.

இந்தக் கலையில் நான் குருவாக நினைப்பவர் அமெரிக்காவின் ஹெர்ப் லுபாலின். 1965இல் 'மதர் அண்ட் சைல்ட்' என்ற பத்திரிகைக்கு லோகோ செய்தார். 'மதர்' என்ற சொல்லில் வரும் 'ஓ'வின் வட்டத்துக்குள் 'அண்ட்' குறி. அதற்குள் பொடி எழுத்தில் 'சைல்ட்'. தாயின் வயிற்றில் பிள்ளை! பத்திரிகை வெளிவரவே இல்லை. லோகோ மட்டும் இன்றும் வாழ்கிறது.

அவர் எடுத்தவை பழைய சொற்கள். புதுச் சொல்லில் இன்னொரு சுகம் உண்டு. மரம் என்றதும் எல்லார் மனதிலும் ஒரு படம் வருகிறது. நேற்றுப் பிறந்த சொல்லுக்கு அப்படி எதுவும் இல்லை. அதற்கு முதல் முகம் கொடுப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

நேரம் முடியப் போகிறது. வண்ணம், எழுத்துரு பற்றியெல்லாம் பேச முடியவில்லை; தொடங்குவதற்குக் கறுப்பு மையே போதும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயில் புழங்கும் புதுச் சொல் ஒன்றைக் கேட்டு வாங்கி, இன்று அவர்களோடு உட்கார்ந்து வரைந்து பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.