கடல் காற்றுக்கு ஏற்ற மூங்கில், பிரம்பு சாமான்கள்

(கூத்தாநல்லூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மகளை வேதாரண்யம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கேன். உப்புக் காத்துல இரும்பு நாற்காலி, கட்டில் எல்லாம் துருப்பிடிச்சுப் போவுது. மூங்கில், பிரம்பு வாங்கிக் குடுக்கலாமா?" தாராளமாக வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்கணும்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிடறேன். குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் வாங்கி ஒரு மூங்கில் சோபா வாங்கினேன். ஆறே மாதத்தில் அடியில் மாவு மாவாகக் கொட்டியது. உளுத்துப் போச்சு! கடைசித் தவணை கட்டும் முன்பே சோபா அடுப்புக்குப் போயிடுச்சு.

காரணம் பிறகுதான் தெரிந்தது. மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. இளம் மூங்கிலையும், மழையில் முளைவிடும் காலத்தில் வெட்டிய மூங்கிலையும் வண்டு சீக்கிரம் பிடிக்கும். மூன்று வருடத்துக்கு மேல் முற்றிய மூங்கிலை வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்துவிடும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. வாங்கும்போது, "பதப்படுத்தியதா?" என்று கேளுங்கள். சிறு துளையோ, அடியில் மாவோ இருந்தால் வேண்டாம்.

பிரம்பு வேறு. மூங்கில் உள்ளே கூடாக இருக்கும். பிரம்பு கெட்டியாக இருக்கும். சூடு காட்டினால் நினைத்தபடி வளையும். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தைக்காலில் சாலை ஓரம் முழுக்கப் பிரம்பு ஊஞ்சல், நாற்காலி, கூடை என்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கான பிரம்பு நம்ம மண்ணில் விளைவதில்லை. அசாம், அந்தமான் என்று தூரத்திலிருந்து வருகிறது. அந்த ஊருக்குச் சோறு போடுவது கைவேலைதான்.

கடலோர வீட்டுக்குச் சில குறிப்புகள்:

* இரும்பு ஆணி துருப்பிடிக்கும். பிரம்பு நாரால் கட்டியதாகவோ, பித்தளை ஆணி அடித்ததாகவோ பாருங்கள்.
* நேர் வெயிலில் போட்டால் பிரம்பு வெடிக்கும். திண்ணை நிழலில் போடுங்கள்.
* உப்புப் படிந்தால் ஈரத்துணியால் துடைத்து, உடனே காயவிடுங்கள்.
* ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். பூஞ்சணம் பிடிக்கும்.
* பின்னல் தொய்ந்தால் அடிப்பக்கம் தண்ணீர் தெளித்து, யாரும் உட்காராமல் நிழலில் காயவிடுங்கள். பின்னல் இறுகிவிடும்.

இதையே தொழிலாகச் செய்யலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். இந்தோனேசியா 2012-ல் பதப்படுத்தாத பிரம்பை வெளிநாட்டுக்கு விற்கத் தடை போட்டது. சாமானாகச் செய்து விற்றால்தான் கூலியும் லாபமும் தன் நாட்டில் தங்கும் என்று அந்த அரசு நினைத்தது. நம்ம நாட்டிலும், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-ல் வனச் சட்டத்தின் 'மரம்' என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் கொல்லையிலேயே மூங்கில் வைக்கலாம்.

ஆனால், கடன் கிடைக்குது என்பதற்காக மட்டும் இறங்காதீர்கள். முதலில் இரண்டு பேர் போய் வேலை கற்றுக்கொள்ளட்டும். பத்துக் கூடை செய்து சந்தையில் விற்றுப் பார்க்கட்டும். பிரம்பு விலை, வண்டிச் செலவு, நம்ம கூலி மூன்றையும் நோட்டில் எழுதிக் கணக்குப் பார்த்த பிறகு வங்கிக்குப் போகலாம்.

என் சோபா அடுப்பில் எரிந்தது போதும். உங்கள் சேமிப்பு எரியக் கூடாது.