சொல்லிய சொல்லும் எழுதிய சொல்லும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேச இந்த அவையில் என்னைவிடத் தகுதி உடையோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு நம் செயலாளர் கொடுத்த தலைப்பு, ‘பண்டித நேருவின் உரைகள்: உள்நாடும் வெளிநாடும்’. பதினேழு ஆண்டுகள் பிரதமராக இருந்து ஏறக்குறைய நாள்தோறும் பேசியவர் அவர். அந்தக் கடலை அளக்க என்னால் இயலாது. அவர் வாயிலிருந்து வந்த சில வாக்கியங்களை மட்டும், சொல்லை எடை போட்டுப் பழகிய உங்கள் முன் வைக்கிறேன்.

1948 ஜனவரி 30 மாலை. காந்தியடிகள் சுடப்பட்டு இறந்த சில மணி நேரத்தில் நேரு வானொலியில் பேசினார். கையில் எழுதிய குறிப்பு எதுவும் இல்லை. நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது என்று தொடங்கினார். அது எவருக்கும் உடனே தோன்றக்கூடிய உருவகம். ஆனால் சற்று நேரத்தில், அப்படிச் சொன்னது தவறு, அது சாதாரண ஒளி அன்று, பல்லாண்டு கழித்தும் அது தெரியும் என்று தம் சொல்லைத் தாமே மறுத்தார். நாடே கேட்டுக்கொண்டிருக்கும்போது தம் உருவகத்தைத் திருத்திக்கொண்ட தலைவர் வேறு எவரையும் நான் அறியேன். அவருடைய பேச்சின் வலிமையும் ஆபத்தும் இந்த இடத்திலேயே இருக்கின்றன. அவர் பேசிக்கொண்டே சிந்தித்தார். உருவகத்தை அப்படித் திருத்திவிடலாம். அரசின் வாக்கை அவ்வாறு திருத்த இயலுமா?

1959 ஆகஸ்டு மாதத்தை எடுத்துக்கொள்வோம். 28ஆம் நாள் மக்களவையில், அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டிருப்பதை அவர் வெளிப்படுத்தினார். 1954இல் பஞ்சசீல ஒப்பந்தம் செய்த பிரதமருக்கு அது எவ்வளவு கசப்பான நாளாக இருந்திருக்கும்! அக்காலத்திலேயே அந்தப் பகுதியைப் பற்றிப் புல் பூண்டும் முளைக்காத இடம் என்றும் நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டார். நிலத்தை வருணிக்கப்போய் நிலத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டார் என்று எதிர்க்கட்சியினர் பிடித்துக்கொண்டார்கள். பாலையையும் ஒரு திணையாக வைத்த மரபில் வந்தவர்கள் நாம். நமக்கும் அந்த வருணனை சற்று உறுத்தத்தான் செய்யும்.

1962 அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்படும்போது விமான நிலையத்தில் நிருபர்கள் கேட்டதற்கு, எல்லையிலிருந்து சீனரை அகற்றும்படி படைக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, நாளைப் படையினரே முடிவு செய்வார்கள் என்றார். நடந்துகொண்டே சொன்ன விடை. மறுநாள் செய்தித்தாள்களில் அது போர் முழக்கமாக வெளிவந்தது. எட்டாம் நாள், அக்டோபர் 20 அன்று, சீனப் படை தாக்கியது. அந்த விடைதான் போரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு நெடுநாளைய காரணங்கள் உண்டு. ஆயினும் மலை மேலே கோடைக்கால உடையுடன் நின்ற நம் வீரர்களின் நிலைக்கும் அந்த வாக்கியத்துக்கும் இடையே இருந்த தூரம் பெரிது. நாம் நாமே சமைத்துக்கொண்ட செயற்கைச் சூழலில் வாழ்ந்துவிட்டோம் என்று அதே மாதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொள்ளும் நெஞ்சு எல்லாத் தலைவருக்கும் வாய்ப்பதில்லை.

நவம்பரில் போம்டிலா வீழ்ந்தது. வானொலியில் பேசிய நேரு, அசாம் மக்களுக்காகத் தம் நெஞ்சம் உருகுகிறது என்று சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். பிரம்மபுத்திரா கரையில் அதைக் கேட்டவர்களுக்கு அது விடைபெறும் சொல்லாகப் பட்டது. தில்லி எங்களைக் கைகழுவிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். சில நாளில் சீனா தானே போரை நிறுத்தியது. ஆனால் அந்த வாக்கியத்தை அசாமில் தலைமுறை கடந்தும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அயல்நாட்டுச் செய்தியைப் பற்றிய பேச்சு உள்நாட்டுக் காயமாக மாறிய கதை இது.

இனி நமக்கு நெருக்கமான வாக்குக்கு வருகிறேன். அதுவும் 1959 ஆகஸ்டுதான், 7ஆம் நாள். ஆங்கிலத்தை எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று பிராங்க் அந்தோணி கொண்டுவந்த தீர்மானத்தின் மீது பேசிய நேரு, மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் துணைமொழியாக இருக்கும், அதை முடிவு செய்யும் உரிமை இந்தி அறிந்தவர்களுக்கு அன்று, இந்தி அறியாதவர்களுக்கே என்று அறிவித்தார். அந்த வாக்கைத் தமிழகம் பொன்போல் முடிந்து வைத்துக்கொண்டது.

1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965 ஜனவரி 26க்குப் பின்னும் இந்தியுடன் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று அதன் 3ஆம் பிரிவு கூறியது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ‘மே’. ‘ஷல்’ என்று இருக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு, இரண்டும் ஒன்றே என்பது நேருவின் மறுமொழி. ஒன்றே என்றால் ‘ஷல்’ என்றே எழுதிவிட்டால் என்ன என்பது திராவிட முன்னேற்றக் கழகத்தாரின் கேள்வி.

அப்போது எனக்கு வயது பதினாறு. எங்கள் ஊர் வாசகசாலையில் மாலைதோறும் ஆங்கிலச் செய்தித்தாளைத் தமிழில் சொல்லிக்காட்டும் வேலை என்னுடையது. ‘தொடரலாம்’ என்று நான் படித்ததும் நெசவுத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, ‘மழை வரலாம்’னு சொல்றோமே அந்த ‘லாம்’ா, ‘உள்ளே வரலாம்’னு சொல்றோமே அந்த ‘லாம்’ா?” எனக்கு விடை தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அதில் உறுதி இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐயா இலக்கணம் நடத்தியபோதுகூட அந்த விகுதியை நான் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தில் கீழப்பழுவூர் சின்னசாமி தமக்குத் தீ வைத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தவர் அப்போது உயிரோடு இருந்தார். அவர் மே 27 அன்று காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு நடந்தவற்றை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் சிலர் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்கள். துப்பாக்கிச் சூடும் மரணங்களும் நிகழ்ந்து, மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் விலகல் கடிதம் கொடுத்த பிறகு, 1965 பிப்ரவரி 11 அன்று லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் நேருவின் வாக்கு காக்கப்படும் என்றார். மறுபடியும் பேச்சு! எழுத்தில் அது ஏற 1967 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சென்னை மாநிலத்தில் ஆட்சியே மாறிவிட்டது.

திருத்தம் வந்த செய்தியையும் அதே வாசகசாலையில் நான்தான் படித்தேன். பெரியவர் கேட்டார்: “அந்த ‘லாம்’ போயிடுச்சா தம்பி?” போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துச் சட்டத்தின் மூலத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 3ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் ‘மே’ இன்றும் அப்படியே நிற்கிறது. அதற்கு நான்கு உட்பிரிவு கீழே, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றி, பின் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றும் வரை இந்த ஏற்பாடு நிலைத்திருக்கும் என்று ஐந்தாம் உட்பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் ‘ஷல்’ என்று எழுதியிருக்கிறது. பெரியவரிடம் போய்த் திருத்திச் சொல்ல அப்போது அவர் இல்லை.