தனிமையில் ஒலிக்கும் பன்மை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

தொழுகையையும் திருமறையையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் மார்க்க அறிஞர் அல்லேன். தமிழ் இலக்கணம் கற்பிப்பவள். எனவே, நாள்தோறும் தொழும் ஒரு பெண், தான் ஓதும் மொழியை இலக்கணக் கண்கொண்டு நோக்கியபோது உணர்ந்த ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

தமிழ் முஸ்லிம்கள் தம் வழிபாட்டுக்குத் தேர்ந்துகொண்ட சொற்களை எண்ணிப் பாருங்கள். சங்க மாந்தர் பிறையைக் கண்டு கைகூப்பியதைக் குறித்த 'தொழுதல்' எங்கள் தொழுகையாயிற்று. சமண முனிவரின் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' எங்கள் பள்ளிவாசலாயிற்று. தேவாரம் பாடுவோரை ஓதுவார் என்கிறோம். குர்ஆனையும் நாங்கள் ஓதுகிறோம் என்றே சொல்கிறோம். இவ்வாறு வாயில்வரை தமிழே வழிகாட்டி வருகிறது. ஆனால் தொழுகைக்குள் நுழைந்ததும் ஓதப்படுவது அரபு மொழி. சிறு வயதில் பொருளறியாது மனனம் செய்த அச்சொற்களைப் பிற்காலத்தில் தமிழாக்கங்களோடு வைத்துப் படித்தபோதுதான், அவற்றின் அமைப்பு எனக்குப் புலப்படத் தொடங்கிற்று.

குர்ஆனின் தோற்றுவாயாகிய 'அல்ஃபாத்திஹா' ஏழே வசனங்கள் கொண்டது. கட்டாயத் தொழுகைகள் ஐந்திலும் சேர்த்து ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள். தனித்துத் தொழுபவர் ஒவ்வொரு ரக்அத்திலும் இதனை ஓதுவார். அதன் முற்பகுதி இறைவனைப் படர்க்கையில் வைத்துப் போற்றுகிறது. அவன் அருளையும், தீர்ப்பு நாளின் அதிபதியாக அவன் இருப்பதையும் சொல்லி வருகையில், இடைவழியில் திடீரென முன்னிலைக்குத் திரும்புகிறது. அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நா, அவனிடமே பேசத் தொடங்குகிறது. புகழ்ந்துகொண்டே நடந்தவர், நிமிர்ந்து பார்க்கையில் அவன் திருமுன் நிற்பதை உணர்வது போன்றது இது.

அந்தத் திருப்பத்தில் தன்மை இடம் முதன்முதலாகத் தோன்றுகிறது. தோன்றும்போதே பன்மையாகத் தோன்றுகிறது. வணங்குவது, உதவி வேண்டுவது, நேர்வழி கேட்பது ஆகிய மூன்றும் பன்மையிலேயே அமைந்துள்ளன. பள்ளிவாசலில் ஆயிரவர் அணிவகுத்து நிற்கையில் இது இயல்பு. அடுக்களையை ஒட்டிய அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தனியே நிற்கும் பெண்ணும் 'நான்' என்று சொல்ல அங்கே இடமில்லை.

அரபு மொழியில் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம். நம் தமிழோ 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரித்துச் சொல்லும். 'நாம்' கேட்போரையும் உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. இறைவனை விளித்துப் பேசுகையில் தமிழாக்கம் செய்வோர் 'எங்களுக்கு' என்றே எழுதியாக வேண்டும். 'நமக்கு' என்றால் நேர்வழி தேடுவோருள் இறைவனும் சேர்ந்துவிடுவான் அல்லவா! இவ்விலக்கணத்தைச் சிந்திக்குந்தோறும் எனக்கு ஒரு காட்சி விரிகிறது. அப்பால் அவன் ஒருவன். இப்பால் கேட்பவர் அனைவரும். ஆள்பவரும் கூலிக்கு உழைப்பவரும், கற்றவரும் கல்லாதவரும், நின்றாக வேண்டிய பக்கம் இதுவே.

என் உம்மா நோயுற்று மருத்துவமனையின் பொதுப்பிரிவில் கிடந்த நாட்களில் இந்த உண்மை ஏட்டிலிருந்து இறங்கி என் நெஞ்சில் தைத்தது. இரு கட்டில்களுக்கு இடையேயிருந்த குறுகிய இடத்தில் இஷாவையும் சுபுஹையும் தொழுதேன். என் நெஞ்சம் வேண்டியது ஒருவரின் உயிரை. என் நா கேட்டதோ 'எங்களுக்கு' என்று. முதலில் அது எனக்கு ஆறுதலாக இல்லை. என் துயரின் கூர்மையை யாரோ மழுக்குவதாகவே பட்டது. பின்னர் ஓரிரவு, சலாம் கொடுக்க வலப்புறம் முகம் திருப்பியபோது, பக்கத்துக் கட்டிலருகே தரையில் அமர்ந்து விழித்திருந்த ஒரு தாயைக் கண்டேன். அவர் எந்தத் தெய்வத்தை வேண்டினார் என்பதை அறியேன். என் பன்மைக்குள் அவரும் இருக்கிறார் என்பதை மட்டும் அக்கணம் அறிந்தேன். தனித்த வேண்டுதலுக்கும் தொழுகையில் இடமுண்டு; நெற்றி நிலத்தில் படியும் ஸஜ்தாவில் என் உம்மாவுக்காக அழுதிருக்கிறேன். ஆனால் அந்த அழுகைக்கு முன்னதாகவே, ஒவ்வொரு முறையும், பிறரைச் சேர்த்துக் கேட்கப் பழக்கிவிடுகிறது ஃபாத்திஹா.

உம்மா மறைந்தார். எங்கள் ஊர் வழக்கில் பெண்கள் மையவாடிக்குச் செல்வதில்லை. ஆடவர் ஜனாஸாவைச் சுமந்து சென்றபின் வீட்டில் அமர்ந்து அந்தத் தொழுகையை எண்ணிக்கொண்டிருந்தேன். குனிதலும் சிரம் பணிதலும் இன்றி, நின்றவாறே நான்கு தக்பீர்களோடு நிறைவுறும் தொழுகை அது. அதில் வழக்கமாக வேண்டப்படும் வேண்டுதல் இறந்தவரோடு நில்லாமல், உயிரோடிருப்போரையும் அங்கு வாராதோரையும் சேர்த்துக்கொள்கிறது. வாராதோருள் நானும் ஒருத்தி. யாரோ ஒருவர் நாவிலிருந்த பன்மை, வீட்டு மூலையிலிருந்த என்னையும் என் தாயோடு சேர்த்தது.

கவிஞர்களே! அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்தவர் தொல்காப்பியர். பெயர் நீங்கியதால் ஒரு தலைவியின் துயர் எல்லாருடைய துயருமாயிற்று. ஃபாத்திஹாவிலும் மனிதர் பெயரோ குலப்பெயரோ ஊர்ப்பெயரோ இல்லை. ஒன்று மாந்தர் படைத்த கலை. மற்றொன்று இறைமொழியென நான் நம்புவது. இரண்டையும் ஒன்றெனக் கூறேன். எனினும் இரண்டிடமும் நான் கற்ற பாடம் ஒன்றே: தன் வலியை மறைக்காமல், அதைப் பிறரும் நிற்கக்கூடிய இடமாக்குவது.

நம் கவிதைகளில் 'நான்' மிகுந்துவிட்டது என்று குறை கூற நான் வரவில்லை. அந்த 'நான்' தன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்ததா என்று மட்டும் கேட்கிறேன். பத்தாண்டுகளாக அவரவர் வீட்டில் தனித்திருந்து எழுதியதை இங்கே கொணர்ந்து நாம் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி வருகிறோம். இந்த அவையில் அச்சமின்றி 'நாம்' என்று சொல்ல முடிகிறது. அந்தச் சொல் இன்னும் பலரை உளப்படுத்தி வளர வேண்டும் என இறைஞ்சி அமைகிறேன்.